சளிக்காய்ச்சல் காலத்தில் சீன மூலிகை மருந்து: வீட்டில் எல்லாரும் சாப்பிடலாமா?

கேள்வி: நான் சிங்கப்பூரில் பாலர் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன், வயது 46. விடுமுறை முடிந்து பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பும்போதெல்லாம் எனக்குச் சளி பிடித்துவிடுகிறது. சில மாதங்களாக இரவில் உடல் சூடாகி, வியர்த்து விழித்துக்கொள்கிறேன். தொண்டையும் வறண்டு போகிறது. உடன் பணிபுரியும் சீனத் தோழி ஒருவர், தாம் ஆண்டுதோறும் சாப்பிடும் 'யூ பிங் ஃபெங்' என்ற மூலிகைத் துகள் மருந்தை எனக்கும் வாங்கித் தந்திருக்கிறார். அவருக்கு அது நன்றாகக் கேட்கிறதாம். என் தந்தைக்கு வயது 69. செயற்கை இதய வால்வு பொருத்தியிருப்பதால் இரத்தம் கட்டாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். இரத்த அழுத்த மாத்திரையும் உண்டு. என் எட்டு வயது மகனுக்கு ஜி6பிடி என்னும் நொதியின் குறைபாடு இருக்கிறது. நாங்கள் மூவரும் இந்த மருந்தைச் சாப்பிடலாமா? சாப்பிட்டால் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போடாமல் இருக்கலாமா? வார்ஃபரினுக்கும் இதற்கும் இடையில் இரண்டு மணி நேரம் விட்டால் போதும் என்கிறார் தந்தை. ஜூலை மாதத்தில் முதுகில் ஒட்டும் மூலிகைப் பற்று பற்றியும் தோழி சொன்னார். அதையும் விளக்க வேண்டுகிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விளக்கத்தைப் பிறகு வைத்துக்கொண்டு முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தந்தையார் இந்த மருந்தைத் தொட வேண்டாம். அவர் ஏற்கெனவே சாப்பிடத் தொடங்கியிருந்தால், அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் அவருடைய வார்ஃபரின் அளவைக் கண்காணிக்கும் மருந்தகத்தை இன்றே தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிடுங்கள். மகனுக்கும் கொடுக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளைப் பார்த்தால் உங்களுக்கும் இது பொருந்தாமல் போகக்கூடும் என்று தோன்றுவதால், பதிவுபெற்ற சீன மருத்துவர் ஒருவர் உங்களை நேரில் பார்க்கும் வரை பொட்டலத்தைப் பிரிக்காமல் வையுங்கள். தடுப்பூசி மூவருக்கும் வேண்டும்.

நான் மருத்துவமனையில் பணியாற்றும் மருந்தாளுநர். சீன மருத்துவர் அல்லர். ஆயினும் இந்த ஊரில் மருந்தாளுநராக இருப்பவர் சீன மூலிகைகளைப் பற்றி அறியாமல் ஒரு நாளைக் கூடக் கடத்த முடியாது. மாத்திரைப் பையைக் கொட்டிக் காட்டும் முதியவர்களிடம் வேறு என்னென்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டால், சூப்புப் பொட்டலம், தேநீர், துகள், மாத்திரை என்று ஏதாவதொரு வடிவில் மூலிகை வெளிவராத வீடு குறைவு. அவற்றை மதித்துப் பேசினால்தான் அவர்கள் உண்மையைச் சொல்வார்கள் என்பதையும், ஏளனம் செய்தால் மறைத்துவிடுவார்கள் என்பதையும் கண்டிருக்கிறேன். மறைக்கப்படும் மூலிகைதான் மிகுந்த ஆபத்தைத் தருகிறது.

இப்போது உங்கள் தோழி தந்த மருந்துக்கு வருவோம். யூ பிங் ஃபெங் என்பது மூன்றே மூலிகைகளால் ஆன பழைய கூட்டு மருந்து. ஹுவாங் ச்சி என்னும் வேர், பாய் ஜூ என்னும் கிழங்கு, ஃபாங் ஃபெங் என்னும் வேர் ஆகியவையே அந்த மூன்றும். சீன மருத்துவக் கோட்பாட்டின்படி, உடலின் மேற்பரப்பில் தோலுக்கும் தசைக்கும் இடையே ஓடிக்கொண்டு, தோலைக் கதகதப்பாக வைத்து, வியர்வைத் துளைகளைத் திறந்து மூடி, வெளியிலிருந்து வரும் கேடுகளைத் தடுத்து நிறுத்தும் காவல் சக்தி ஒன்று உண்டு. அதை 'வெய் ச்சி' என்கிறார்கள். உண்ட உணவிலிருந்து அது உருவாகிறது என்றும், நுரையீரல் அதை உடலெங்கும் பரப்புகிறது என்றும் கருதுகிறார்கள். இந்தக் காவல் தளர்ந்தவர், உழைக்காதபோதும் பகலில் வியர்ப்பார், லேசான காற்றுப் பட்டாலும் சிலிர்ப்பார், முகம் வெளிறிச் சோர்ந்திருப்பார், அடிக்கடி சளி பிடித்து அவதிப்படுவார். அப்படிப்பட்டவருக்காகவே இந்த மருந்து வகுக்கப்பட்டது. ஹுவாங் ச்சி மேற்பரப்பை உறுதிப்படுத்த, பாய் ஜூ செரிமானத்தை வலுப்படுத்த, ஃபாங் ஃபெங் காற்றோடு உள்ளே நுழைந்திருக்கும் நோய்க்கேட்டை வெளியேற்றுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

இதிலிருந்து நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. யாருக்கும் எப்போதும் எதிர்ப்பாற்றலைக் கூட்டித் தரும் மருந்து என்று எதையும் சீன மருத்துவ மரபு சொல்லவில்லை. விளம்பரங்கள்தாம் அப்படிச் சொல்கின்றன. மரபில் பயின்ற மருத்துவர் முதலில் நாக்கைப் பார்ப்பார், இரு கைகளிலும் நாடி பிடிப்பார், வியர்வை, உறக்கம், பசி, மலம், மாதவிலக்கு ஆகியவற்றைப் பற்றிக் கேட்பார். அதன் பிறகே உங்கள் உடல் எந்த நிலையில் இருக்கிறது என்று முடிவு செய்வார். ஒரே சளிக்கு இருவர் போனால் இருவருக்கும் வெவ்வேறு மருந்து கிடைப்பது அங்கே வழக்கமான செய்தி. குளிர், உடல்வலி, நீராக ஒழுகும் மூக்கு ஆகியவற்றோடு வரும் சளியை ஒரு வகையாகவும், தொண்டை வலி, தாகம், மஞ்சள் சளி ஆகியவற்றோடு வருவதை வேறு வகையாகவும் பிரித்து, முன்னதற்கு இஞ்சி போன்ற உஷ்ணப் பொருள்களையும் பின்னதற்குச் செவ்வந்திப்பூ, புதினா போன்ற குளிர்ச்சிப் பொருள்களையும் பயன்படுத்துகிறார்கள். உஷ்ண உடம்பு, குளிர்ச்சி உடம்பு என்று பேசி வளர்ந்த நமக்கு இந்தச் சிந்தனை அந்நியமானதன்று.

உங்கள் தோழிக்கு இந்த மருந்து ஒத்துக்கொண்டது அவருடைய உடல்வாகு அதற்கு ஏற்றதாக இருந்ததால் இருக்கலாம். நீங்கள் எழுதியிருப்பதோ பகல் வியர்வையைப் பற்றி அன்று. இரவில் சூடு, வியர்வை, வறண்ட தொண்டை. சீன மருத்துவர்கள் இவற்றை, உடலைக் குளிர்வித்து ஈரமாக வைப்பதாக அவர்கள் கருதும் 'யின்' குறைவின் அடையாளங்களாகவே பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். ஹுவாங் ச்சி போன்ற உஷ்ணத் தன்மையுள்ள வேரை முதன்மையாகக் கொண்ட மருந்தை அந்த நிலையில் தவிர்ப்பார்கள். அதே போல், காய்ச்சலும் சளியும் தொடங்கிவிட்ட பிறகு யூ பிங் ஃபெங் சாப்பிடக்கூடாது என்பதும் மரபு வகுத்த விதி. வாசலை அடைத்துக் கள்வனை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது என்று அதை அவர்கள் சொல்வார்கள். மேற்பரப்பை இறுக்கும் மருந்து, வெளியேற வேண்டிய நோயை உள்ளேயே பூட்டிவிடும் என்பது அதன் பொருள். தும்மல் வந்ததும் ஓடிப்போய் இதைக் கரைத்துக் குடிப்பவர்கள் தங்கள் தோழிகள் நம்பும் மருத்துவத்தின் விதியையே மீறுகிறார்கள்.

இரவு வியர்வையை வேறொரு காரணத்துக்காகவும் நான் சும்மா விடமாட்டேன். 46 வயதில் அது மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய மாற்றமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் தைராய்டு சுரப்பு மிகுந்தாலும் அப்படி வியர்க்கும். காசநோயிலும் வியர்க்கும். உடல் எடை குறைந்தாலோ, இருமல் 3 வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, மாலையில் லேசான காய்ச்சல் தெரிந்தாலோ, எந்த மூலிகைக்கும் முன்னால் பலதுறை மருந்தகத்துக்குச் சென்று இரத்தப் பரிசோதனையும் நெஞ்சு ஊடுகதிர்ப் படமும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மூலிகை வியர்வையைத் தணித்துவிட்டு அடியில் இருக்கும் நோயை மறைத்துவிடுவது உண்டாகக் கூடாத இழப்பு.

அடிக்கடி சளி பிடிப்பதால் உங்கள் எதிர்ப்பாற்றல் குன்றிவிட்டது என்று நீங்கள் அஞ்சுவது எழுத்தில் தெரிகிறது. நலமாக இருக்கும் பெரியவருக்கே ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை சளி பிடிக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆறு முதல் எட்டு முறை வரை பிடிப்பது இயல்பு. சளியை உண்டாக்கும் நுண்கிருமிகள் 200க்கும் மேற்பட்டவை. அவற்றில் பெரும் பகுதியைச் சின்னஞ்சிறு பிள்ளைகள்தாம் சுமந்து வருகிறார்கள். நாள் முழுவதும் அவர்கள் மூக்கைத் துடைத்துவிட்டு, கைப்பிடித்து நடத்தி, முகத்துக்கு முகம் குனிந்து பேசும் ஆசிரியைக்கு, சராசரியை விடக் கூடுதலாகச் சளி பிடிப்பது வேலையின் இயல்பு. அதைக் குறைக்கச் சோப்பும் தண்ணீரும் எந்தத் துகளையும் விட அதிகம் உதவும். மூக்கைத் துடைத்துவிட்ட ஒவ்வொரு முறையும் கை கழுவுங்கள், கண்ணையும் மூக்கையும் தொடுவதைத் தவிருங்கள், சளி பிடித்த பிள்ளையைக் கவனிக்கும்போது முகக்கவசம் அணியுங்கள்.

யூ பிங் ஃபெங் உண்மையில் வேலை செய்கிறதா என்று கேட்பீர்கள். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள 240 பேரைக் கொண்டு சீனாவில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2018இல் வெளிவந்தது. ஒரு சாராருக்கு இந்த மருந்தும் மறு சாராருக்கு அதைப் போலவே தோன்றும் வெற்றுத் துகளும் ஓராண்டு கொடுக்கப்பட்டன. யாருக்கு எது கிடைக்கிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மருந்து பெற்றவர்களுக்கு நோய் திடீரென முற்றும் நிகழ்வுகள் குறைந்தன. இதை நான் மதிக்கிறேன். ஆனால் அது நுரையீரல் ஏற்கெனவே பழுதுபட்டவர்களிடம் செய்த ஆய்வு. நலமாக இருக்கும் ஆசிரியைக்கோ பள்ளிச் சிறுவனுக்கோ அதை அப்படியே எடுத்துப் பொருத்த முடியாது. சளிக்காய்ச்சலுக்குச் சீன மூலிகைகள் பயன்படுகின்றனவா என்று 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த, மருத்துவச் சான்றுகளை எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, 2013இல் வெளியான தன் முடிவில், அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை தரம் குறைந்தவை என்றும் அவற்றை வைத்து எந்த மூலிகையையும் பரிந்துரைக்க இயலாது என்றும் சொன்னது. ஆகவே, பொருத்தமான உடல்நிலை உள்ள ஒருவருக்கு, தகுதி பெற்ற மருத்துவர் கொடுக்கும்போது நான் தடுக்கமாட்டேன். நண்பர் தந்தார் என்பதற்காகக் குடும்பமே கரைத்துக் குடிப்பதை ஆதரிக்கவும் மாட்டேன்.

உங்கள் தந்தையாரைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். செயற்கை வால்வின் மேல் இரத்தம் கட்டிவிடாமல் வார்ஃபரின் காக்கிறது. அதன் அளவு சற்றுக் கூடினால் மூளையிலோ குடலிலோ இரத்தம் கசியும். சற்றுக் குறைந்தால் வால்வில் கட்டி உருவாகி, பக்கவாதம் வரலாம். இந்தக் குறுகிய இடைவெளிக்குள் அவரை நிறுத்தி வைக்கத்தான் இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்கிறார்கள். தாங் குவெய், தான் ஷென் ஆகிய இரண்டு வேர்களும் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி, இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடியவை என்பது மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவாகியிருக்கிறது. கோஜி எனப்படும் சிவப்பு உலர்பழத்தின் தேநீரைக் குடித்த முதியவர்களுக்கு ஐ.என்.ஆர். ஏறியதும் பதிவாகியுள்ளது. ஜின்செங்கோ எதிர்த்திசையில் இழுக்கிறது. வார்ஃபரினின் பலனைக் குறைத்துவிடுகிறது. யூ பிங் ஃபெங்கின் மூன்று மூலிகைகளில் இவற்றுள் எதுவும் இல்லை என்பது உண்மைதான். ஆயினும் வார்ஃபரினோடு சேர்த்துச் சாப்பிடுவது பாதுகாப்பானது என்று காட்டும் ஆய்வு இல்லாத நிலையில், சளியைத் தவிர்ப்பதற்காக இதய வால்வைப் பணயம் வைப்பதற்கு நான் உடன்படமாட்டேன்.

துகள் மருந்தை விட்டுவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பேரங்காடியில் கோழி சூப்புக்கென்று கட்டி விற்கும் மூலிகைப் பொட்டலங்களைப் புரட்டிப் பாருங்கள். அவற்றில் பலவற்றில் தாங் குவெய்யும் கோஜியும் இருக்கும். மழைக்காலத்தில் உடம்புக்கு நல்லது என்று வாரத்துக்கு ஒரு முறை வைக்கும் சூப்பு, அவருடைய ஐ.என்.ஆர். ஏன் ஒரு மாதம் ஏறுகிறது, ஒரு மாதம் இறங்குகிறது என்ற புதிருக்கு விடையாக இருக்கலாம். மருந்தகத்தில் கேட்டால் மருந்து எதுவும் சாப்பிடவில்லை என்றுதான் அவர் சொல்வார். சூப்பை யாரும் மருந்தாக எண்ணுவதில்லை.

இரத்த அழுத்தத்தின் கதை வேறு. சீனக் கூட்டு மருந்துகளில் மிகுதியாகச் சேரும் கான் ஸாவ் என்பது, நம் வீடுகளில் தொண்டைக் கமறலுக்கு மெல்லும் அதிமதுரத்தின் இனத்தைச் சேர்ந்தது. அதை நாள்தோறும் பல வாரங்கள் எடுத்துக்கொண்டால் உடலில் உப்பும் நீரும் தங்கி, பொட்டாசியம் குறைந்து, இரத்த அழுத்தம் ஏறும்; கால் வீங்கும், தசை தளரும். நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்துவிட்டால் பொட்டாசியம் இன்னும் விரைவாக இறங்கி இதயத் துடிப்பையே குலைத்துவிடும். சளிக்குக் கொடுக்கும் சில மருந்துகளில் இருக்கும் மா ஹுவாங் என்னும் மூலிகையில் எஃபெட்ரின் உண்டு. படபடப்பையும் இரத்த அழுத்தத்தையும் அது கூட்டுவதால், அமெரிக்கா 2004இல் அதைச் சேர்த்த உணவுத் துணைப் பொருள்களைத் தடை செய்தது. இதய நோயாளிக்கு இவ்விரண்டும் ஆகா.

இரண்டு மணி நேர இடைவெளி பற்றித் தந்தையார் சொல்வது சிங்கப்பூரில் பலரும் நம்புகிற ஒன்று என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இடைவெளி விடுவதால் இரண்டு மருந்துகளும் வயிற்றில் ஒன்றோடொன்று கலந்து ஒட்டிக்கொள்வது தவிர்க்கப்படும், அவ்வளவுதான். வார்ஃபரின் ஒரு முறை விழுங்கினால் நாள் கணக்கில் இரத்தத்தில் தங்கியிருக்கிறது. அதைச் சிதைத்து வெளியேற்றும் வேலையைக் கல்லீரல் மெல்ல மெல்லச் செய்கிறது. மூலிகை அந்தக் கல்லீரலின் வேலையைத் தடுத்தாலோ, இரத்தம் உறையும் திறனைத் தானாகவே குறைத்தாலோ, காலையில் ஒன்றும் இரவில் மற்றொன்றும் சாப்பிட்டாலும் இரண்டும் உடலுக்குள் சந்தித்தே தீரும். அவரிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். ஈறில் இரத்தம், காரணமின்றித் தோலில் நீலத் திட்டுகள், கறுத்த மலம், சிவந்த சிறுநீர், திடீர்க் கடும் தலைவலி ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பதை வீட்டில் எல்லாரும் அறிந்திருக்கட்டும்.

மகனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்கு 1965 முதல் ஜி6பிடி பரிசோதனை செய்யப்படுகிறது. அதனால்தான் உங்களுக்கும் இது முன்பே தெரிந்திருக்கிறது. இந்தக் குறைபாடு உள்ளவர்களின் சிவப்பணுக்கள் சில பொருள்கள் பட்டால் திடீரென உடைந்து போகும். பச்சிளங்குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை முற்றியதை முன்னிட்டு, ஹுவாங் லியன் என்னும் மூலிகையையும் அதில் உள்ள பெர்பெரின் என்னும் வேதிப்பொருளையும் சிங்கப்பூர் அரசு 1978இல் தடை செய்தது; பல ஆண்டுகளுக்குப் பிறகு அத்தடை நீக்கப்பட்டபோதிலும், ஜி6பிடி குறைபாடு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. யூ பிங் ஃபெங்கில் அது இல்லை. ஆனால் நலமாக ஓடியாடும் எட்டு வயதுப் பையனுக்கு மூலிகை எதற்கு என்பதே என் கேள்வி. ஏதாவது மூலிகையோ மாத்திரையோ சாப்பிட்ட பின் அவன் முகம் வெளிறினாலோ, கண் மஞ்சளானாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

தடுப்பூசியைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு என் பதில் தெளிவானது. சளி வேறு, இன்ஃபுளுவென்சா கிருமியால் வரும் சளிக்காய்ச்சல் வேறு. முன்னதற்குத் தடுப்பூசி இல்லை, பின்னதற்கு உண்டு. உங்கள் தந்தையாரைப் போன்றவர்களை மருத்துவமனைப் படுக்கையில் தள்ளுவது பின்னதுதான். குளிர்காலமே இல்லாத இந்தத் தீவில் அது ஆண்டு முழுவதும் சுற்றிக்கொண்டிருந்தாலும், ஆண்டின் இறுதியிலிருந்து பிப்ரவரி வரையிலும், மே முதல் ஜூலை வரையிலும் கூடுதலாகப் பரவுகிறது. கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால், உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை கூடித் தடுப்பூசியின் சேர்க்கையை முடிவு செய்கிறது. கிருமியும் ஊசியும் நன்கு பொருந்திய ஆண்டுகளில் நோய் வரும் வாய்ப்பு 40 முதல் 60 விழுக்காடு வரை குறைகிறது. ஊசி போட்டும் நோய் வந்தவர்களுக்கு அது கடுமையாவதும் குறைகிறது. இந்த அளவுக்குச் சான்று உள்ள மூலிகை எதுவும் இல்லை.

சுகாதார அமைச்சு 2017இல் வகுத்த பெரியவர்களுக்கான தேசியத் தடுப்பூசி அட்டவணை, 65 வயதைத் தாண்டியவர்களும் நாள்பட்ட நோயுள்ளவர்களும் ஆண்டுதோறும் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறது. மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்தும் பணம் கட்டலாம். நிமோனியாவுக்குக் காரணமான நியூமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான ஊசியும் தந்தையாருக்கு உரியது. வார்ஃபரின் சாப்பிடுவதை ஊசி போடும் தாதியிடம் முன்கூட்டியே சொன்னால், மெல்லிய ஊசியைப் பயன்படுத்தி, போட்ட இடத்தைக் குறைந்தது இரண்டு நிமிடமாவது அழுத்திப் பிடிப்பார். மகன் இதுவரை இந்த ஊசியைப் போட்டதே இல்லை என்றால், ஒன்பது வயதுக்குள் இருப்பதால் நான்கு வார இடைவெளியில் இரண்டு முறை போட வேண்டியிருக்கும். ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்தே பாதுகாப்பு முழுமையாகும் என்பதால் டிசம்பர் விடுமுறைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

முதுகில் ஒட்டும் பற்று, குளிர்கால நோயைக் கோடையிலேயே தடுப்பது என்ற கருத்தின் மேல் எழுந்தது. வெள்ளைக் கடுகு உள்ளிட்ட காரமான மூலிகைகளை இஞ்சிச் சாற்றில் குழைத்து, ஆண்டின் மிக வெப்பமான நாள்களில், ஜூலை நடுவிலிருந்து ஏறத்தாழப் பத்து நாள் இடைவெளியில் சில முறை ஒட்டுவார்கள். ஆஸ்துமாவும் ஒவ்வாமைத் தும்மலும் உள்ளவர்களுக்கே இதை மிகுதியாகச் செய்கிறார்கள். வட சீனத்தின் கோடையையும் பனிக்காலத்தையும் கணக்கிட்டு வகுத்த நாள்காட்டியை, நிலநடுக்கோட்டுக்கு அருகே பன்னிரண்டு மாதமும் ஒரே வெயிலில் வாழும் நாம் பின்பற்றுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. தோல் சிவப்பதும் கொப்புளிப்பதும் இதில் சாதாரணம். மகனுக்கு வேண்டாம், தந்தையாருக்கும் வேண்டாம்.

நீங்கள் மட்டும் சீன மருத்துவரைப் பார்க்க விரும்பினால் தாராளமாகப் பாருங்கள். 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாரம்பரிய சீன மருத்துவர்கள் இங்கே அவர்களுக்கான வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அவருடைய பெயர் வாரியத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று வீட்டிலிருந்தே இணையத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். 1867இல் தொடங்கப்பட்ட தோங் சாய் மருத்துவ நிலையம் இனம், மதம் பாராமல் எல்லாருக்கும் இலவசமாக மருத்துவம் பார்த்து வந்திருக்கிறது. தமிழர் என்பதால் அங்கே தயங்கி நிற்க வேண்டியதில்லை. நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை எடுத்துச் செல்லுங்கள். கொடுக்கும் மருந்தின் பெயரையும் அதில் உள்ள மூலிகைகளின் பெயர்களையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எத்தனை வாரம் சாப்பிட வேண்டும், எந்த அறிகுறி தெரிந்தால் நிறுத்த வேண்டும் என்றும் கேளுங்கள். காலவரையறை சொல்லாமல் தொடர்ந்து சாப்பிடச் சொல்பவரிடமிருந்து விலகிக்கொள்வது நல்லது.

இணையத்திலும் பயணப் பெட்டிகளிலும் வரும் மருந்துகளை வாங்க வேண்டாம். மாத்திரை, துகள் என்று தயார் நிலையில் சிங்கப்பூரில் விற்கும் சீன மருந்துகளைச் சுகாதார அறிவியல் ஆணையம் பட்டியலிட்டு, பாதரசம், ஆர்செனிக், ஈயம் போன்றவற்றுக்கு வரம்பு வைத்திருக்கிறது. வெளியிலிருந்து வரும் பொட்டலத்துக்கு அந்தக் காவல் இல்லை. மூலிகை என்ற பெயரில் ஸ்டீராய்டு கலந்து விற்ற பொருள்களைப் பற்றி ஆணையம் பல முறை எச்சரித்துள்ளது. பெயர் ஒத்த மூலிகை மாறிப்போவதாலும் கேடு வரும். பிரசல்ஸ் நகரில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததை 1993இல் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். உரிய மூலிகைக்குப் பதிலாக அதே போன்ற பெயருள்ள, அரிஸ்டோலோகிக் அமிலம் நிறைந்த வேறொரு வேர் கலந்திருந்தது அங்கே கண்டறியப்பட்டது. அந்த அமிலம் புற்றுநோயையும் உண்டாக்கும்.

சீன மரபிலிருந்து உங்கள் தந்தையாருக்கு நான் முழு மனத்துடன் பரிந்துரைக்கக்கூடியது ஒன்று இருக்கிறது; அது தை ச்சி என்னும் மெதுவான உடற்பயிற்சி. கலிபோர்னியாவில் 59 முதல் 86 வயது வரையிலான 112 பேரிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், தை ச்சி பயின்றவர்களிடம் அக்கிக் கிருமிக்கு எதிரான எதிர்ப்பாற்றல், நலக்கல்வி மட்டும் பெற்றவர்களை விடக் கூடியிருந்தது. கல்லீரலில் வார்ஃபரினோடு மோத அதில் எதுவும் இல்லை. முதியவர்கள் தடுமாறி விழுவதை அது குறைக்கிறது என்பது அவருக்கு இரட்டை நன்மை. வார்ஃபரின் சாப்பிடுபவர் விழுந்து தலையில் அடிபட்டால் உள்ளே இரத்தம் கசியும் ஆபத்து மற்றவர்களை விட அதிகம். அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்திலும் சமூக மன்றங்களிலும் காலையில் நடக்கும் வகுப்புகளில் அவர் சேரலாம். இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மூச்சு வாங்காத அளவில் தொடங்கட்டும். இரவு வியர்வைக்கான பரிசோதனை முடிந்த பின் நீங்களும் அவருடன் சேர்ந்துகொள்ளலாம்.

அடுத்த ஐ.என்.ஆர். பரிசோதனைக்குப் போகும்போது, சமையலறையில் இருக்கும் சூப்புப் பொட்டலங்களையும் தேநீர்ப் பெட்டிகளையும் தோழி தந்த துகளையும் ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்துச் செல்லுங்கள். உறையில் சீன எழுத்து மட்டும் இருந்தாலும் கவலை வேண்டாம். அதைப் படித்துச் சொல்லக்கூடிய மருந்தாளுநர்கள் அங்கே இருப்பார்கள். கடந்த ஒரு மாதத்தில் எதை, எப்போது, எவ்வளவு சாப்பிட்டார் என்று தந்தையாரின் நினைவுக்கு வந்தவரை ஒரு தாளில் எழுதி அதையும் பையில் வையுங்கள்.